கினிப் பன்றிக்குத் தாங்க முடியாத அரிப்பு: குளிப்பாட்டுவதா, மருந்து போடுவதா?

பஞ்சுப்பாதம்:

மூன்று ஆண் கினிப் பன்றிகள். இரண்டு பழையவை, மூன்று வயது, எடை 1,050 கிராமும் 980 கிராமும். மூன்றாவது ஐந்து வாரத்துக்கு முன் வந்தது. நான்கு மாதக் குட்டி, 620 கிராம். வந்த அன்றே மூன்றையும் ஒரே கூண்டில் விட்டாயிற்று.

பத்து நாளாகக் குட்டி விடாமல் சொறிகிறது. முதுகில் பொடுகு மாதிரி வெள்ளைச் செதில். தோள்பட்டையிலும் தொடையின் உள்பக்கத்திலும் முடி கொட்டி, மஞ்சள் பொருக்கு கட்டியிருக்கிறது. முதுகைத் தொட்டால் பின்னங்காலை உதைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடுகிறது. நேற்று அப்படியே பக்கவாட்டில் விழுந்து அரை நிமிடம் காலை இழுத்தது. பெரியவற்றில் ஒன்றும் இப்போது சொறிய ஆரம்பித்துவிட்டது. என் முன்கையிலும் பொடிப்பொடியாகச் சிவப்புத் தடிப்பு.

அழுக்காக இருக்கும் என்று ஒரே வாரத்தில் இரண்டு முறை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன். செதில் கூடியதே தவிரக் குறையவில்லை.

இது எந்தப் பூச்சி என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா? நாய்க்குப் போடும் சொட்டு மருந்து கைவசம் இருக்கிறது, அதில் கொஞ்சம் போடலாமா? கினியை எத்தனை நாளுக்கு ஒரு முறை குளிப்பாட்ட வேண்டும்? கூண்டை எதைக் கொண்டு கழுவினால் பூச்சி ஒழியும்?

மூன்றுவிரல்:

குளியலை இன்றோடு நிறுத்திவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு. பக்கவாட்டில் விழுந்து காலை இழுத்தது வலிப்பு. அரிப்பு எல்லை மீறும்போது கினிக்கு இப்படி வரும். ஈரம், தேய்ப்பு, துவட்டல் எல்லாமே அதைத் தூண்டிவிடும். குட்டியைத் தூக்குவதைக்கூடக் குறைத்துக்கொள்ளுங்கள். தூக்கியே ஆகவேண்டும் என்றால், முதுகில் கை படாமல் ஒரு துண்டின் மேல் ஏறவைத்துத் துண்டோடு சேர்த்துத் தூக்குங்கள். வலிப்பு வந்துவிட்டதால் மருத்துவரிடம் போவதை நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். அங்கே பரிசோதிக்கும்போதே மறுபடி இழுக்கலாம். "தொட்டால் வலிப்பு வருகிறது" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அவர் லேசான மயக்க மருந்து கொடுத்துவிட்டுத் தோலைத் தொடுவார்.

நீங்கள் எழுதிய அடையாளங்கள் ஒன்றுசேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் ட்ரிக்சகாரஸ் கேவியே என்ற சொறிப் பூச்சி மேல்தான். மனிதருக்குச் சொறிசிரங்கு உண்டாக்கும் பூச்சிக்கு நெருங்கிய உறவு. தோலின் மேலடுக்கைக் குடைந்து வளைக்குள் வாழும், அங்கேயே முட்டையிடும். கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. ஷாம்பு தோலின் மேலே ஓடிவிடுகிறது, பூச்சியோ உள்ளே இருக்கிறது. குளிப்பாட்டியதில் எண்ணெய்ப் பசைதான் போயிருக்கும். செதில் கூடியது அதனால்.

உங்கள் முன்கைத் தடிப்பும் இதோடு பொருந்துகிறது. இந்தப் பூச்சி நம் தோலில் ஏறிக் கடிக்கும், ஆனால் அங்கே குடும்பம் நடத்தாது. கினி குணமானால் தடிப்பும் அடங்கிவிடும். தூக்கி அணைக்கும் இடங்களில், அதாவது முன்கை, வயிறு, மார்பில்தான் வரும்.

வீட்டில் என்ன பார்க்கலாம் என்று கேட்டீர்கள். சொறிப் பூச்சியைப் பார்க்க முடியாது. மற்றவை இல்லை என்று தள்ளுபடி செய்யலாம், அதுவும் பெரிய உதவிதான். குட்டியை விட்டுவிட்டு, அமைதியாக இருக்கும் பெரியதில் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் மடியில் வைத்து, காதுக்குப் பின்னால் கழுத்திலும், இடுப்புக்கு மேலேயும் முடியை எதிர்ப்பக்கமாக ஊதிப் பிரியுங்கள். வெளிறிய பழுப்பில், எள்ளின் பாதி நீளத்துக்கு மெலிந்த ஏதோ ஒன்று முடிகளுக்கிடையே நழுவி ஓடினால் பேன். முடியின் அடியில் ஒட்டிக்கொண்டு, ஊதினாலும் நகத்தால் தள்ளினாலும் வராத வெள்ளைப் புள்ளி ஈர். பொடுகு என்றால் தள்ளியதும் உதிரும். கினிக்கு வழக்கமாக வரும் பேன் இரண்டு வகை, கிளிரிகோலா, கைரோபஸ். இரண்டுமே கினியை விட்டால் பிழைக்காது, மனிதத் தலைக்கு ஏறாது.

இன்னொன்று முடிப் பூச்சி, கைரோடிஸ்காய்டிஸ் கேவியே. அரை மில்லிமீட்டர் அளவு. முடித் தண்டைக் கட்டிப்பிடித்தபடி பின்பக்கத்தில் இருக்கும், மிளகுத்தூள் தூவியது போலத் தெரியும். பெரும்பாலும் அரிப்பே இருக்காது. பார்க்க எளிய வழி: ஒட்டும் கண்ணாடி டேப்பைப் பின்முதுகில் முடியைப் பிரித்து அழுத்தி எடுத்து, வெள்ளைத் தாளில் ஒட்டி, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். பேனும் முடிப் பூச்சியும் டேப்பில் வந்துவிடும். சொறிப் பூச்சி வராது, அதற்குத் தோலை ஆழமாகச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

படர்தாமரை வேறு கதை. அது மூக்கின் மேல், கண்ணைச் சுற்றி, காதில் ஆரம்பிக்கும். முடி வேரோடு வராமல் ஒடிந்து குச்சி குச்சியாக நிற்கும். தோல் வறண்டு வட்டமாகச் செதில் கட்டும், அரிப்பு பொதுவாகக் குறைவு. அது நமக்கும் தொற்றும், தொற்றினால் தானாகப் போகாது. உங்கள் கையில் ஓரம் தடித்து நடுவில் தெளிந்த வட்டம் இருந்தால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். புற ஊதா விளக்கடியில் ஒளிரவில்லை, ஆகவே படர்தாமரை இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். கினிக்கு வழக்கமாக வரும் ட்ரைக்கோஃபைட்டன் பூஞ்சை அந்த விளக்கில் ஒளிராது. முடி மாதிரியை எடுத்து, அதில் பூஞ்சை வளர்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பெண் கினி வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வரி: இரண்டு விலாவிலும் ஒரே அளவாக, கண்ணாடியில் பார்த்தது போல முடி கொட்டி, தோல் வழுவழுவென்று இருந்து, அரிப்பே இல்லை என்றால் சினைப்பைக் கட்டியைத்தான் சந்தேகிக்க வேண்டும். பூச்சி மருந்து அதற்கு எதுவும் செய்யாது. காதுக்குப் பின்னால் நாணயம் அளவுக்கு முடியில்லாத இடம் எல்லாக் கினிக்கும் பிறவியிலேயே உண்டு.

அளவுக்கரண்டி:

நாய் சொட்டு மருந்தைத் தொடாதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஃபிப்ரோனில் என்றால் அறவே கூடாது. முயல்கள் அதனால் செத்திருக்கின்றன, கினிக்கும் அது பாதுகாப்பானதல்ல. மருந்து சரியானதாகவே இருந்தாலும் பத்து கிலோ நாய்க்கான குப்பியில் "கொஞ்சம்" என்பது அளவே இல்லை. உண்ணிப் பவுடரும் வேண்டாம், கினி உடம்பை நக்கி அதை விழுங்கும், மூச்சிலும் இழுக்கும். கழுத்துப் பட்டை வேண்டாம். தேயிலை மர எண்ணெய் இயற்கையானது என்று சிலர் தடவுகிறார்கள், சின்ன உடம்புக்கு அது விஷம்.

சொறிப் பூச்சிக்கு மருத்துவர்கள் வழக்கமாக எடுப்பது இரண்டு. ஒன்று ஐவர்மெக்டின். தோலுக்கடியில் ஊசியாகவோ வாய்வழியாகவோ, ஒரு கிலோ எடைக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம், 7 முதல் 10 நாள் இடைவெளியில் குறைந்தது மூன்று முறை. இன்னொன்று செலமெக்டின். கழுத்துப் பிடரியில் தோலின் மேல் விடும் சொட்டு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை, தேவைப்பட்டால் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து மறுபடி. வலிப்பு வரும் குட்டிக்கு எதை, எப்போது என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும். உங்கள் வேலை அளவைச் சரிபார்ப்பது. தவறு நடப்பது அங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். 1% ஐவர்மெக்டின் என்றால் ஒரு மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம். கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் கணக்கில், 1,050 கிராம் கினிக்கு 0.42 மில்லிகிராம், அதாவது 0.042 மில்லிலிட்டர். 980 கிராமுக்கு 0.039. உங்கள் 620 கிராம் குட்டிக்கு 0.248 மில்லிகிராம், ஏறக்குறைய 0.025 மில்லிலிட்டர். ஒரு துளியின் பாதிதான். இதை 2 மில்லி சிரிஞ்சில் அளக்கவே முடியாது. நூறு யூனிட் ஒரு மில்லிக்குச் சமமான இன்சுலின் சிரிஞ்சில்தான் தெரியும்: குட்டிக்கு இரண்டரை யூனிட், பெரியவற்றுக்கு நாலு யூனிட். தசமப் புள்ளி ஓர் இடம் நகர்ந்து 0.025க்குப் பதில் 0.25 போனால் பத்து மடங்கு மருந்து உள்ளே போகும். நடுக்கம், தள்ளாட்டம், மயக்கம் என்று அதன் முடிவு மோசமாகத்தான் இருக்கும். அளவு குறைவாக இருக்கிறதே என்று தண்ணீர் கலந்து பெருக்குவதும் தவறு. இந்த மருந்து தண்ணீரில் ஒழுங்காகக் கரையாது, ஒரு இழுப்பில் ஒன்றுமில்லாமலும் அடுத்ததில் முழுவதுமாகவும் வரும். குதிரைக்கான பசை மருந்தில் பட்டாணி அளவு கிள்ளிக் கொடுப்பதும் இதே ஆபத்துதான், குழாய் முழுவதும் மருந்து சீராகப் பரவியிருக்கும் என்று நம்ப முடியாது.

செலமெக்டினிலும் இதே பொறி இருக்கிறது. மில்லிக்கு 60 மில்லிகிராம் கொண்ட குப்பியும் உண்டு, 120 கொண்டதும் உண்டு. ஒரு கிலோ கினிக்கு 15 மில்லிகிராம் என்றால் முதலாவதில் 0.25 மில்லி, இரண்டாவதில் அதில் பாதி. பெட்டியின் படத்தைப் பார்த்து எடுக்காமல் எண்ணைப் பார்த்து எடுங்கள். விட்ட இடத்தை மற்ற கினிகள் நக்காமல் இருக்க, காயும் வரை தனித்தனியாக வையுங்கள்.

ஏன் மூன்று முறை? மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டையிலிருந்து மறு முட்டை வரை சுமார் இரண்டு வாரம். முதல் தவணைக்குத் தப்பிய முட்டைகள் பொரிந்து, அவை முட்டையிடும் முன் அடுத்த தவணை பிடிக்க வேண்டும். இரண்டாவதோடு "நன்றாகிவிட்டதே" என்று நிறுத்துபவர்களுக்குத்தான் ஆறு வாரத்தில் எல்லாம் திரும்பி வருகிறது.

மூன்று கினிக்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். இன்னும் சொறியாத அந்த ஒன்றுக்கும்தான், ஏனென்றால் அறிகுறி இல்லாமலே பூச்சியைச் சுமக்கும் கினிகள் உண்டு. பேனும் முடிப் பூச்சியும் மட்டும் என்றால் ஊசியைவிடத் தோலில் விடும் சொட்டு நல்லது. அவை தோல் செதிலையும் முடிப் பகுதியையும் சார்ந்து மேலேயே வாழ்வதால், ரத்தத்தில் போகும் மருந்து அவற்றை முழுதாக எட்டுவதில்லை.

கடைசியாக ஒன்று, இது உயிர் விஷயம். சொறிந்த புண்ணில் சீழ் வைத்து ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால், வாய்வழி அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின் வகை, கிளிண்டமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் எதுவும் கினிக்கு ஆகாது. குடலில் உள்ள நல்ல கிருமிகள் அழிந்து, நச்சுக் கிருமி பெருகி, சில நாளில் வயிற்றுப்போக்கோடு இறந்துபோகும். நாய் பூனை மட்டுமே அதிகம் பார்க்கும் இடம் என்றால் மருந்தின் பெயரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஈரமில்லாக்கூடு:

மருந்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் கூண்டுக்கும் குளியலுக்கும் வருகிறேன்.

குளியல் கினிக்கு வழக்கமான தேவையே இல்லை. குட்டை முடிக்காரர்களுக்கு வருடத்தில் இரண்டு மூன்று முறை போதும், பலருக்கு அதுவும் வேண்டாம். நீள முடி வகைக்குப் பின்பக்க முடி மூத்திரத்தில் நனைந்து சடை பிடிக்கும். அங்கே கத்தரியால் தரையில் படாத உயரத்துக்கு வெட்டிவிட்டால் குளியல் பாதியாகக் குறையும். குளிப்பாட்டும்போது தண்ணீர் 37, 38 டிகிரி, ஆழம் நாலு சென்டிமீட்டருக்குள், அடியில் வழுக்காமல் ஒரு துணி. தலையை நனைக்க வேண்டாம், காதுக்குள் நீர் போகக் கூடாது. முகத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும். மனிதர் ஷாம்பு, வாசனைச் சோப்பு வேண்டாம். நுரையை நன்றாக அலசுங்கள், மிச்சமிருந்தால் அதுவே அரிக்கும். இரண்டு மூன்று துண்டு மாற்றித் துடைத்து, அடிவயிற்று முடிவரை உலர்ந்த பிறகுதான் கூண்டுக்குள் விட வேண்டும். மேலே காய்ந்து அடியில் ஈரமாக இருப்பது வழக்கம், விரலை விட்டுப் பாருங்கள். ஈரத்தோடு குளிரில் விட்டால் நெஞ்சுச் சளி பிடிக்கும், கினிக்கு அது சீக்கிரம் நிமோனியாவாக மாறும்.

கூண்டில் தினமும் ஈரமான மூலையையும் புழுக்கையையும் அள்ளிவிட வேண்டும். நாற்றம் மட்டும் காரணம் அல்ல. ஐமீரியா என்ற குடல் ஒட்டுண்ணியின் முட்டைக்கூடு புழுக்கையோடு வெளியே வந்தவுடன் தொற்றாது, முதிர்வதற்குக் குறைந்தது இரண்டு நாள் ஆகும். அதற்குள் அள்ளிவிட்டால் சங்கிலி அறுந்தது. குட்டிகளுக்கு இது வயிற்றுப்போக்காக வரும். பிளீச் அதை ஒன்றும் செய்யாது, கொதிநீரும் நீராவியும்தான் கொல்லும்.

தரைக்குத் துணி விரிப்பவர்கள் முதலில் அந்த ஃபிளீஸை (மென்மையான செயற்கை இழைத் துணி) மூன்று நாலு முறை சுடுநீரில் துவைத்துவிட்டு, ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். மணிமணியாக உருண்டு நின்றால் இன்னும் தயாராகவில்லை, சட்டென்று கீழே இறங்கினால்தான் அடியிலுள்ள உறிஞ்சுத் துணிக்கு மூத்திரம் போகும். துணி மென்மையாக்கும் திரவம் போட்டால் இந்தத் தன்மை கெட்டு, மூத்திரம் மேலேயே நின்று பாதத்தை ஊறவைக்கும். பாதப் புண் ஆரம்பிப்பது அங்கேதான். மூன்று நாலு நாளைக்கு ஒரு முறை மாற்றுங்கள். கம்பித் தரையும் பாதப் புண்ணுக்கு வழி. தேவதாருத் தூள், பதப்படுத்தாத பைன் தூள் இரண்டின் ஆவியும் மூச்சுக்குக் கெடுதல், காகிதத் துகள் நல்லது.

தட்டில் வெள்ளையாகப் படியும் கறை மூத்திரத்திலுள்ள சுண்ணாம்பு. வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து இருபது நிமிடம் ஊறவிட்டால் நுரைத்துக் கரையும். ஆனால் வினிகர் கறைக்குத்தான், பூச்சிக்கு அல்ல.

பூச்சி இருக்கும் காலத்தில் ஒவ்வொரு மருந்துத் தவணை அன்றும் கூண்டை முழுதாகக் காலிசெய்யுங்கள். விரிப்பையும் மிச்சப் புல்லையும் பையில் கட்டி வெளியே போடுங்கள். அட்டைப் பெட்டி, சுரங்கக் குழாய் எல்லாம் போய்விடட்டும். துணிகளை 60 டிகிரியில் துவைத்து முழுதாகக் காயவையுங்கள். மர வீட்டின் இடுக்கில் கொதிநீர் ஊற்றி நன்றாக உலர்த்துங்கள், பழசாகி வெடித்திருந்தால் தூக்கிப் போடுவது நல்லது. தட்டைச் சோப்பு நீரில் தேய்த்து, அலசி, பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் என்று கலந்து பத்து நிமிடம் விட்டு, மறுபடி அலசி, வாசனை போகும்வரை காயவையுங்கள். கினிகள் அதுவரை வேறு அறையில் இருக்கட்டும்.

மூன்றுவிரல்:

மேலே சொன்ன வரிசையை யாரும் மாற்ற வேண்டாம். மூத்திரம் படிந்த தட்டில் நேராகப் பிளீச்சை ஊற்றினால் அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நச்சு வாயு வரும். வினிகர் இருக்கும்போதே பிளீச் ஊற்றினால் குளோரின் வாயு வரும். வினிகர் ஒரு நாள், பிளீச் வேறு நாள் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

பஞ்சுப்பாதம்:

அன்றே மருத்துவரிடம் காட்டியாயிற்று. பேன், ஈர் இல்லை. தோல் சுரண்டியதில் பூச்சி எதுவும் தெரியவில்லை என்றார். இருந்தும் மூன்றுக்கும் ஐவர்மெக்டின் ஊசி போட்டார். எடை போட்டு, நீங்கள் சொன்ன அளவுக்கு அருகிலேயே. குட்டிக்கு வலி தணிக்கும் மருந்தும் கொடுத்தார். இன்று இரண்டாம் நாள், முன்பைவிட அதிகமாகச் சொறிகிறது. சோதனையிலும் பூச்சி இல்லையே, மருந்து தவறாகப் போட்டுவிட்டோமா?

இன்னொன்று. 1,050 கிராம்காரனின் பின்பக்கம் பயங்கரமாக நாறுகிறது. வாலிருக்க வேண்டிய இடத்தில் முடி பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறது. இதுவும் பூச்சியா?

மூன்றுவிரல்:

சுரண்டலில் பூச்சி தெரியாததால் பூச்சியே இல்லை என்று ஆகாது. வளைக்குள் இருக்கும் பூச்சி கத்தி பட்ட அந்தச் சில மில்லிமீட்டரில் மாட்டினால்தான் தெரியும். கடுமையாக அரிக்கும் கினியில்கூடக் கைதவறிப் போகும். அதனால் அடையாளங்கள் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மருந்து கொடுத்துப் பார்த்து, பலனை வைத்து உறுதிசெய்வது ஏற்கப்பட்ட முறைதான். அவர் செய்தது சரி.

முதல் ஊசிக்குப் பின் ஒன்றிரண்டு நாள் அரிப்பு கூடுவது வழக்கம். பூச்சி தோலுக்குள்ளேயே சாகிறது, உடம்பு அதற்கு எதிர்வினை காட்டுகிறது. ஒரு வாரத்துக்குள் சொறிவது கண்கூடாகக் குறைய வேண்டும். இரண்டாம் தவணைக்குப் பின் பொருக்கு தானாக உதிரும், அதைப் பிய்க்க வேண்டாம். முடி முளைத்து மூட நாலு முதல் ஆறு வாரம். இரண்டாம் தவணைக்குப் பிறகும் அரிப்பு அதே அளவில் இருந்தால் பூஞ்சைக்கு முடி மாதிரி கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு நகம்தான் பெரிய எதிரி. முன்னங்காலுக்கு நாலு, பின்னங்காலுக்கு மூன்று, மொத்தம் பதினாலு. சொறிவது பின்னங்கால் ஆறும்தான். வலிப்பு அடங்கியதும் அந்த ஆறையும் நுனி மட்டும் வெட்டிவிடுங்கள். வெளிர் நகத்தில் உள்ளே இளஞ்சிவப்பாக ஓடும் ரத்தக் குழாய் தெரியும், அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்துங்கள். கறுப்பு நகத்துக்கு அடியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ரத்தம் வந்துவிட்டால் சோளமாவை அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

வைட்டமின் சி-யையும் சரிபாருங்கள். கினியின் உடம்பு அதைத் தானே தயாரிக்காது. கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும், நோயில் அதற்கும் மேல். அது குறைந்தால் தோல் ஆறாது, அடங்கிக் கிடக்கும் பூச்சியும் தலைதூக்கும். தண்ணீர்ப் புட்டியில் கலப்பதால் பயனில்லை, நேரம் போகப்போகச் சிதைந்துவிடும், சுவை மாறியதால் தண்ணீர் குடிப்பதும் குறையும். சிவப்புக் குடைமிளகாய்த் துண்டோ, சிரிஞ்சில் நேராக வாய்க்குள்ளோ கொடுங்கள்.

ஈரமில்லாக்கூடு:

நாற்றத்துக்குக் காரணம் பூச்சி இல்லை. இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வாலிருக்க வேண்டிய இடத்தில் உள்ள எண்ணெய்ச் சுரப்பி. ஆண்களுக்கு அதிகமாகச் சுரந்து மெழுகு போல இறுகும். தேங்காயெண்ணெய் சில துளி விட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் பழுப்பு மெழுகு இளகி வரும். பஞ்சால் வழித்துவிட்டு, அந்த இடத்தை மட்டும் கினிக்கான ஷாம்பு ஒரு துளி போட்டு ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். சுரண்டாதீர்கள், அடியில் தோல் மெல்லியது. மாதம் ஒரு முறை போதும். சொறி இருக்கும் முதுகுக்கு அருகே என்பதால் அவன் அரிப்பு அடங்கிய பிறகு செய்யுங்கள்.

இரண்டாவது, ஆசனவாயைச் சுற்றியுள்ள பை. வயதான, பருத்த ஆண் கினிகளுக்கு அந்தப் பை தளர்ந்து, மென்மையான புழுக்கை உள்ளே உருண்டையாகச் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மடியில் உட்கார வைத்து, அடியிலிருந்து இரண்டு பெருவிரலால் மெதுவாக மேலே தள்ளினால் பை விரியும். உருண்டை இருந்தால் திரவ பாரஃபின் நாலைந்து துளி விட்டு, இளகியதும் வெளியே நழுவவிடுங்கள். ஒருமுறை அடைத்தவனுக்குத் திரும்பவும் அடைக்கும், ஒன்றுவிட்டு ஒரு நாள் பார்க்க வேண்டியிருக்கும். எடுத்ததில் பச்சையாக மெதுவாக இருக்கும் புழுக்கையை அவன் முன்னால் வையுங்கள், தின்ன விரும்பினால் தின்னட்டும். அதிலுள்ள பி வைட்டமின்கள் அவனுக்குத் தேவை. ஆண் உறுப்பின் மடிப்பிலும் முடியும் விரிப்புத் துகளும் சிக்கியிருக்கும், ஈரப் பஞ்சால் எடுத்துவிடுங்கள்.

வெயில் காலத்தில் இந்த நாற்றம்தான் ஈயைக் கூப்பிடும். நனைந்த, மலம் ஒட்டிய பின்பக்கத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் பொரிந்து புழு வைத்துவிடும். புழு தோலைத் தின்றுகொண்டு உள்ளே போகும். முட்டை எப்படித் தெரியும் என்றால், முடியோடு ஒட்டிய வெளிர் மஞ்சள் அரிசிக் குருணை போல, கொத்துக் கொத்தாக. காலையும் மாலையும் பின்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். முட்டை மட்டும் என்றால் பேன்சீப்பால் வாரி, அந்த முடியை வெட்டிவிடுங்கள். ஒரே ஒரு புழு தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள், நேரம் மணிக்கணக்கில்தான். கூண்டைச் சுற்றி வலை கட்டுவது நல்ல தடுப்பு.

பஞ்சுப்பாதம்:

பையில் உருண்டை இருந்தது, எடுத்துவிட்டேன். நாற்றம் போய்விட்டது. குட்டியை இப்போது தனியாக வைக்கவா? இனி புதுக் கினி வந்தால் எத்தனை நாள் பிரித்து வைக்க வேண்டும்? பூச்சி புல்லிலிருந்து வந்திருக்குமா?

அளவுக்கரண்டி:

இப்போது பிரிக்க வேண்டாம். ஐந்து வாரம் ஒன்றாக இருந்துவிட்டன, மூன்றுக்கும் மருந்தும் ஒன்றாகவே ஓடுகிறது. பிரித்தால் மறுபடி சேர்க்கும்போது ஆண்களுக்குள் சண்டை வரும். பெரியவர்கள் குட்டியை விரட்டி அவன் புல் தின்னாமல் இருந்தால் மட்டும் பிரியுங்கள், அப்போதும் நடுவே வலைத் தடுப்பு வைத்து முகம் தெரிய வையுங்கள்.

இந்தச் சொறி பெரும்பாலும் கினியிலிருந்து கினிக்குத் தொட்டுத்தான் வரும். புல்லையும் விரிப்பையும் மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சுமந்துகொண்டே நலமாக இருந்து, வீடு மாறிய பதற்றத்தில் வெடித்திருக்கும். சினையான பெண்களுக்கும் இதே போல வரும். அதனால் புதிதாக வருவதைக் குறைந்தது மூன்று வாரம் வேறு அறையில் வையுங்கள், ஒரே அறையில் வேறு கூண்டு போதாது. பழையவற்றுக்குத் தீனி வைத்துவிட்டுக் கடைசியாகப் புதியதிடம் போய், கையைக் கழுவிச் சட்டையை மாற்றிவிட்டு வாருங்கள். துடைப்பம், துண்டு, சிரிஞ்ச் எல்லாம் தனி.

சமையலறைத் தராசில் வாரம் ஒரு முறை, சொறி முடியும்வரை தினமும், ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். வளரும் குட்டி ஒரு வாரம் எடை ஏறாமல் நின்றாலே கவனிக்க வேண்டும். பெரியவர்களில் 50 கிராம் குறைந்தால் தீனியைக் கவனியுங்கள், 100 கிராம் குறைந்தால் அன்றே மருத்துவரிடம். அரிப்பால் தூங்காத கினி புல் தின்பதையும் நிறுத்தும், குடல் நின்றுபோனால் சொறியைவிட வேகமாக அது கொன்றுவிடும். அடுத்த ஊசிக்கு முன் மூன்றையும் புதிதாக எடை போட்டு எடுத்துச் செல்லுங்கள், குட்டி இந்தப் பத்து நாளில் 40, 50 கிராம் ஏறியிருந்தால் அளவும் மாறும்.